பலத்தை விட்டுவிட்டுப் போன திருடன்

தராசு பூட்டைப் பார்க்கவில்லை. உடைந்த பூட்டு ஷெட் வாசலில், வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று வைத்ததுபோலக் கிடந்தது. அவர் அதைத் தாண்டி உள்ளே போய், பானெட் திறந்திருந்த பழைய காருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"பூட்டு சார்," என்றாள் ஊசி. "உடைஞ்சிருக்கு. நம்ம தொழில்ல அதைத்தான் முதல்ல பாக்கணும்னு கேள்வி."

"அது என்னைப் பாரு என்னைப் பாருன்னு சொல்லுது. அதான் பாக்கல."

தனியார் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய ஒற்றை அறையில் அவர் யோசிப்பார், அவள் பேசுவாள். யாரிடம் பேசினாலும் கொஞ்சம் குத்தும் என்பதால் அவளுக்கு ஊசி என்று பெயர். ஒரு முடிவுக்கு வருமுன் இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி ஏற்றி இறக்கிப் பார்ப்பார் என்பதால் அவர் தராசு. கைகள் சமமாக நிற்கிறவரை முடிவைச் சொல்ல மாட்டார். அந்த நேரத்தில் வந்தவரைச் சமாளிப்பது இவள் தலையில் விழும்.

இன்று வந்து, அவர்களைத் தன் ஷெட்டுக்குக் கூட்டிவந்தவர் ஒரு காயில்காரர். மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் பாதி ஆயுளைச் சுற்றியே கழித்தார். அங்கே காயில் சுற்ற மெஷின் வந்ததும் ஒரு கைகுலுக்கலோடு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஷெட்டில் உட்கார்ந்து தன் கையால் ஒரு பொருள் செய்தார். அது நேற்று இரவு களவு போய்விட்டது. திருடியது யார் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

"என் தம்பி. கூடப் பிறந்தவன்."

"அதான் தெரிஞ்சு போச்சே. அப்புறம் நாங்க எதுக்குங்க?" என்றாள் ஊசி.

"நான் போய்ச் சொன்னா குடும்பச் சண்டைன்னு ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிடுவாங்க. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு, அவன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா வழக்கு நிக்கும். சாயங்காலம் புகார் குடுக்கப் போறேன்."

வழக்கு நின்றால் தம்பி நிற்க மாட்டான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். திருட்டு வழக்கு விழுந்தால் வேலை போய்விடும், வேறு டிப்போவும் வாசலில் சேர்க்காது. இதையும் காயில்காரர்தான் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் பதற்றம் இல்லை, கொஞ்சம் திருப்தி இருந்தது. ஊசிக்கு அந்தத் திருப்தி பிடிக்கவில்லை.

"களவு போன பொருள் என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எனக்குக் கார் ஓட்டத் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

"எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்," என்றார் காயில்காரர். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிர்ந்தது. "எஞ்சின் எவ்வளவு காத்து இழுக்குதோ, அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். காத்தை அழுத்தித் திணிச்சா அதே எஞ்சின் கூடுதல் பலம் குடுக்கும். வழக்கமா அந்தக் காத்துச் சக்கரத்தை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுத்தும். இல்லன்னா வெளிய போற புகை சுத்தும். நான் மோட்டார் வெச்சு பேட்டரில சுத்த விட்டேன். மிதிச்ச உடனே காத்து."

"பலம் வந்துச்சா?"

"தண்ணித் தொட்டி மேடு தெரியுமா? மூணாவது கியர்ல பாதிலயே திணறி நிக்கிற வண்டி இது. அதை மாட்டின பிறகு அதே கியர்ல உச்சி வரைக்கும் ஏறிச்சு. இதை வாங்கற யோசனைல இருக்கற ஒரு கம்பெனியோட இன்ஜினியர் பக்கத்துல உக்காந்து பாத்தாரு. நாளைக்கு அவங்க சோதனைக்கூடத்துக்குக் கொண்டு போறதா இருந்தது."

"மாட்டினது யாரு?" என்று பானெட்டுக்குள்ளிருந்து தராசின் குரல் வந்தது.

"தம்பி. எஞ்சின் பக்கம் அவன், கரண்ட் பக்கம் நான். ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான்."

தராசு ஊசியைக் கிட்டே கூப்பிட்டார். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் காட்டினார். களவு போன பொருள் அந்தக் குழாயின் நடுவில்தான் இருந்திருக்கிறது. இப்போது அங்கே வண்டியோடு வந்த பழைய குழாய் இருந்தது. இரண்டு முனையிலும் கிளாம்ப் வளையம் இறுக்கமாக முறுக்கியிருந்தது. காற்று வடிகட்டியின் டப்பாவும் ஒழுங்காக மூடியிருந்தது.

"பூட்டை உடைச்சு வந்த திருடன், பொருளைக் கழட்டின கையோட பழைய குழாயை மாட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் மெதுவாக. "எஞ்சினுக்குள்ள தூசி போயிடக் கூடாதுன்னு அவனுக்குக் கவலை."

"வண்டியையும் கழுவி வெச்சிருந்தான்னா நம்ம வண்டியையும் ஒரு தடவை திருடச் சொல்லலாம்."

"அதான் நானும் சொல்றேன்," என்று காயில்காரர் நடுவில் புகுந்தார். "மெக்கானிக் புத்தி. வேற யாருக்கு அந்தக் கரிசனம் வரும்?"

அது சரியாகத்தான் பட்டது. பேட்டரியின் டெர்மினல்கள் மாட்டியபடியே இருக்க, அந்தப் பக்கம் இரண்டு தடித்த ஒயர்கள் வெட்டுப்பட்டு நின்றன. வெட்டிய முனை ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி டேப்பை நெருக்கமாகச் சுற்றி, மேலே நூலால் கட்டியிருந்தது. விரலை அறுத்துக்கொண்ட பிள்ளைக்குக் கட்டுப் போட்டதுபோல இருக்கிறது என்று ஊசி சொன்னாள். தராசு அந்தக் கட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பார்க்கட்டும் என்று ஊசி ஷெட்டைச் சுற்றி வந்தாள். ஒரு மூலையில் ரிப்பேருக்கு வந்த கருகிய மோட்டார்கள் குவியலாகக் கிடந்தன. காயில் சுற்றும் மேஜை மட்டும் துடைத்து வைத்ததுபோல இருந்தது. கத்தரி, நூல்கண்டு, வார்னிஷ் டப்பா எல்லாம் அதது இடத்தில் இருந்தன. மேஜைக்கு நேர் மேலே, உட்கார்ந்து நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் ஓர் ஆணி. அதில் வட்டமாக வெட்டிய ஒரு நீலத் துணி தொங்கியது. அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. இத்தனை சுத்தக்காரர் இந்தக் கந்தலை ஏன் சாமி படம்போல மாட்டி வைத்திருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தராசு வண்டிச் சாவியைக் கேட்டுவிட்டார்.

காயில்காரர் தயங்கினார். "எதுக்கு? அதுல பொருளே இல்லையே."

"வண்டி இருக்கே," என்றார் தராசு.

தண்ணித் தொட்டி மேடு, பார்த்தாலே வண்டிகளுக்கு மூச்சு வாங்குகிற ஏற்றம். ஊசி அடிவாரத்தில் வண்டியை உருட்டி, தராசு சொன்னபடி மூன்றாவது கியரில் போட்டு மிதித்தாள். வழியில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியது யார் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

வண்டி நிற்கவில்லை. பாதியைத் தாண்டியது. திணறக்கூட இல்லை. தொட்டியின் நிழலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஊசி ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"சார், இதுல எதுவும் மாட்டல இல்ல?"

"மாட்டல."

"அப்போ பொருளை எடுத்துட்டுப் போன திருடன் பலத்தை இங்கயே விட்டுட்டுப் போயிட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படின்னா பலம் அந்தப் பொருள்லேர்ந்து வரவே இல்ல."

"பின்ன அன்னிக்கு இன்ஜினியர் முன்னாடி எதுலேர்ந்து வந்துச்சு?" தராசின் வலது கை மேலே இருந்தது, இடது கை கீழே இருந்தது. "மாட்டினவனைக் கேப்போம்."

பஸ் டிப்போவில் ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து முதலில் இரண்டு கால்கள் வந்தன, பிறகு தம்பிக்காரன் வந்தான். நாற்பதைத் தொடும் வயது. அண்ணனுக்கு இருந்த அதே நெற்றி. வந்தவர்கள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணன் என் பேரைச் சொன்னாரா?"

"வேற யார் பேரையும் சொல்லல," என்றாள் ஊசி.

"சரிங்க. நான்தான் எடுத்தேன். எழுதிக்கோங்க."

ஊசி இத்தனை வருஷத்தில் கேட்ட ஒப்புதல் வாக்குமூலங்களில் இதுதான் சுலபமானது. அதனாலேயே அவளுக்கு மூக்கு வியர்த்தது. தராசு ஒரு பழைய டயரின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"எப்படிக் கழட்டினே?"

"கிளாம்ப்பைத் தளர்த்தி, குழாயை உருவி எடுத்தேன். ஒயரை வெட்டினேன்."

"கரண்ட் இருக்கிற ஒயராச்சே."

"பேட்டரி டெர்மினலை முதல்லயே கழட்டிடுவோமே சார். எந்த வண்டில கை வெச்சாலும் அதுதான் முதல் வேலை."

"வெட்டின முனைக்கு என்ன பண்ணினே?"

தம்பிக்காரன் விழித்தான். "முனைக்கு என்ன பண்ணணும்? டெர்மினல் கழண்டா அது வெறும் செம்புதானே. அப்படியே விட வேண்டியதுதான்."

"நாங்க பாக்கும்போது டெர்மினல் ரெண்டும் மாட்டியே இருந்துச்சு," என்றார் தராசு. "முனைக்குப் பக்குவமா கட்டுப் போட்டிருந்துச்சு. நீ அந்த ஷெட்டுக்கு நேத்து போகவே இல்ல. செய்யாத திருட்டை எதுக்கு இழுத்து மேல போட்டுக்கறே?"

தம்பிக்காரன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். யாரோ ஒரு பஸ்ஸை உறுமவிட்டு அணைக்கிற வரை காத்திருந்தான்.

"யார் எடுத்தாங்களோ, நல்லா இருக்கட்டும். சோதனைக்கூடத்துக்குப் போயிருந்தா அண்ணன் மானம் போயிருக்கும். திருட்டுப் போச்சுன்னா, திருடற அளவுக்கு அது மதிப்புள்ள பொருளா இருந்துச்சுன்னு ஆகும் இல்லையா? அந்தப் பேராவது அவருக்கு மிஞ்சட்டும்."

"அப்போ அந்த எலக்ட்ரிக் சமாச்சாரம் மொத்தமும் டுபாக்கூரா?" என்றாள் ஊசி.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. பெரிய கம்பெனிங்க செய்யறாங்க. பெரிய மோட்டார், அதுக்குன்னு தனி பேட்டரி, அதுவும் சில நொடிக்கு மட்டும். அங்க அது உதவும். எங்க வண்டி பேட்டரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. எடுத்த எடுப்புல கொஞ்சம் தள்ளும், அண்ணன் கைவேலை அப்படி. எஞ்சின் வேகம் எடுத்ததும் அது கேக்கற காத்தை இந்தச் சக்கரத்தால குடுக்க முடியாது. குழாய்க்கு நடுவுல அதுவே அடைப்பா நிக்கும். செலவழிஞ்ச கரண்டை மறுபடி பேட்டரில ஏத்தறதும் அதே எஞ்சின்தான். எஞ்சின்கிட்ட பிடுங்கி எஞ்சினுக்கே பரிசு குடுக்கற கதை."

"இதை அவர்கிட்ட சொல்லலாமே."

"சொல்லத்தான் போனேன்." அவன் குரல் தணிந்தது. "தொழிற்சாலைலேர்ந்து அனுப்பினப்புறம் அவர் சுவரைப் பாத்துப் படுத்தவரு. சவரம் பண்ண மாட்டாரு, தட்டுல போட்டதைத் தொட மாட்டாரு. அண்ணி எனக்குப் போன் போட்டு அழுவாங்க. இந்தப் பொருளைச் செய்யணும்னு தோணினப்புறம்தான் எழுந்து உக்காந்தாரு. முதல் தடவை அதை மாட்டி மேட்டுல ஓட்டிப் பாத்தோம். பாதி கூட ஏறல. அவர் முகத்தைப் பாத்தேன். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பப் போறாருன்னு தெரிஞ்சு போச்சு."

அடுத்த தடவை அவன் ஒரு காரியம் செய்தான். அண்ணனுக்குத் தெரியாமல் எஞ்சினைச் சரிசெய்து, வண்டி தானாகவே உச்சி ஏறும்படி ஆக்கினான். பொருளை மாட்டாமல் ஓட்டிக் காட்டுகிற ஓட்டத்துக்கு முன்னால், காற்று வடிகட்டியின் மேல் ஒரு துணியை வட்டமாக வெட்டி அடைத்து வைத்தான். மூச்சுக் கட்டிய வண்டி பாதி மேட்டில் நின்றது. பொருளை மாட்டுகிற சாக்கில் துணியை உருவிவிட்டான். வண்டி உச்சிக்குப் போனது.

"ஒரு நாளாவது சந்தோஷமா தூங்கட்டும்னு செஞ்சேங்க. சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லிட்டாரு. அப்புறம் கம்பெனி வந்துச்சு. அவங்க முன்னாடியும் துணியை வெச்சேன், எடுத்தேன். எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

ஊசி ஆணியில் தொங்கிய நீலத் துணியை நினைத்தாள். சொல்ல வாயெடுத்தவளைத் தராசு கண்ணாலேயே அடக்கினார்.

"வண்டில ஏறு," என்றார் தம்பிக்காரனிடம்.

காயில்காரர் மேஜையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கை நின்றது. வா என்று சொல்லவில்லை.

தராசு நேராக மூலையில் கிடந்த கருகிய மோட்டார்களிடம் போனார். மேலே இருந்த இரண்டை நகர்த்தினார். மூன்றாவது மோட்டாரோடு, நத்தை ஓடு வடிவத்தில் அலுமினியக் கூடும் காற்றுச் சக்கரமும் சேர்ந்து வந்தன. அதன் ஒயர் முனைகளிலும் அதே வெள்ளைக் கட்டு, அதே நூல்.

"மெக்கானிக் டெர்மினலைக் கழட்டுவான், முனையை அம்போன்னு விடுவான்," என்றார். "சாதாரணத் திருடன் எதையும் யோசிக்காம வெட்டிக்கிட்டு ஓடுவான். வெட்டின முனையை டேப் சுத்தி நூல் கட்டாம விட மனசு வராதவர் காயில் சுத்தறவர் ஒருத்தர்தான். பூட்டை உங்க கையாலயே உடைச்சீங்க, பொருளை ஒளிச்சீங்க, மெக்கானிக் வேலைன்னு தோணப் பழைய குழாயை மாட்டிக் கூடப் பிறந்தவனைக் கைகாட்டினீங்க. ஆனா கை பழக்கத்தை விடல."

தம்பிக்காரன் முகம் வெளுத்தது. காயில்காரர் தன் விரல்களைப் பார்த்தார். எதையும் மறுக்கவில்லை.

"போன வாரம் தனியா மேட்டுக்குப் போனேன்," என்றார். "உச்சிக்குப் போய் நிறுத்தினப்புறம்தான் பாக்கறேன், சுவிட்சையே போடல. மறந்துட்டேன். அது ஓடவே இல்ல, வண்டி ஏறிடுச்சு. அங்கயே உக்காந்து வண்டி பூரா துழாவினேன். டூல்ஸ் பெட்டிக்கு அடியில இது கிடைச்சுது." ஆணியிலிருந்து துணியை எடுத்து மேஜைமேல் போட்டார். "என்னன்னு தெரியுதாடா?"

"கைக்குக் கிடைச்ச துணி அண்ணே."

"என் தொழிற்சாலைச் சட்டை. போதும் போன்னு சொன்ன அன்னிக்குக் கழட்டிப் போட்டது. அதை வெட்டித்தான் எனக்கு வெற்றி வாங்கிக் குடுத்திருக்கே."

"நீங்க அன்னிக்கு இருந்த நிலைமைல..."

"தோத்திருந்தா தோத்தவனா எழுந்து வேற வேலை தேடியிருப்பேன். அதை எடுத்துட்டே. பாக்கறவங்ககிட்ட எல்லாம் தலை நிமிந்து பேச வெச்சே. நான் பேசப் பேச நீ பக்கத்துல நின்னு தலையாட்டினே. நீ திருடன் இல்லன்னா வேற யாருடா திருடன்?"

இருவரில் யாருக்காக வருத்தப்படுவது என்று ஊசிக்கே தெரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு ஒரு கிண்டல் வரும். தேடிப் பார்த்தாள், வரவில்லை.

தராசு பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார். "நீங்க சொல்ற திருட்டுக்குச் சட்டத்துல பிரிவு கிடையாது. பொய்ப் புகாருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் அதோட முடிஞ்சுடும்."

அது நல்ல யோசனைதான். ஆனால் கம்பெனி முந்திக்கொண்டது. மேஜைமேல் இருந்த போன் அடித்தது. காயில்காரரின் விரல்களில் வார்னிஷ் ஒட்டியிருந்ததால் விரல் முட்டியால் ஸ்பீக்கரை அழுத்தினார். இன்ஜினியரின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது.

"நீங்க காலைல சொன்ன திருட்டு விஷயத்தை இங்க பேசினோங்க. வருத்தமா இருக்கு. ஆனா ஒண்ணு, எங்க மேலிடத்துல இருந்த சந்தேகம் தீந்துடுச்சு. வேலை செய்யாத பொருளை எவன் பூட்டை உடைச்சுத் திருடுவான்? நீங்க புதுசா ஒண்ணு செய்யுங்க. எங்க இடத்துலயே செய்யுங்க. உங்களுக்குன்னு தனி அறை, மேஜை, வேலை நியமனம் எல்லாம் தரச் சொல்லிட்டாங்க. முடிஞ்சதும் அதே மேட்டுல ஒரு தடவை ஓட்டிக் காட்டினா போதும். என்ன சொல்றீங்க?"

சொல்லுங்கள் என்பதுபோல் தராசு தலையை அசைத்தார். காயில்காரர் வாயைத் திறந்தார். அவர் பார்வை கருகிய மோட்டார்களின் மேலும், அலுமினியக் கூட்டின் மேலும் போய்விட்டுத் திரும்பியது. தனி அறை, தனி மேஜை. அந்த வார்த்தைகள் அவர் முகத்தில் வேலை செய்வதை ஊசி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"சரிங்க," என்றார் காயில்காரர். "வந்துடறேன்."

போன் அணைந்தது. அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அலுமினியக் கூட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒயர் முனையில் தானே கட்டிய நூலை நகத்தால் நெருடி அவிழ்க்க ஆரம்பித்தார்.

"டேய்," என்றார். குரலில் பழைய கோபம் இல்லை. சின்ன வயதில் தம்பியைக் கூப்பிட்ட குரலாக இருந்திருக்கும். "புகார் எதுவும் குடுக்கல. போனதெல்லாம் போகட்டும். நீ வரணும்டா. மாட்டறதுக்கு நீ வந்தாதான் அது மேடு ஏறும்."

மேஜைமேல் கிடந்த நீலத் துணியைக் காயில்காரர் ஒரு விரலால் தம்பியின் பக்கம் தள்ளினார்.

தம்பிக்காரன் அதைத் தொடவில்லை. அண்ணனின் தலையைப் பார்த்தான், நூலை அவிழ்க்கிற விரல்களைப் பார்த்தான். பிறகு தராசின் பக்கம் திரும்பினான்.

"நீங்க கையெழுத்துப் போட வேண்டாம் சார். இன்னொரு தடவை அந்தத் துணியை என்னால வெக்க முடியாது. எந்த ஸ்டேஷன்னு மட்டும் சொல்லுங்க. நான்தான் திருடினேன்னு நானே போய்ச் சொல்லிடறேன்."